மூன்று மணி வராத இரவு

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை தாண்டி மன்னவனூர், கவுஞ்சி வரைக்கும் உள்ள ஊர்களை இங்கே மேல்மலை என்பார்கள். மன்னவனூர் பக்கம் என் சித்தப்பாவுக்கு ஒன்றேகால் ஏக்கர் தோட்டம் இருக்கிறது. உருளைக்கிழங்கு, பட்டாணி, கேரட், பூண்டு என்று மாற்றி மாற்றிப் போடுவார். அந்தத் தோட்டத்து மோட்டாரைக் குறித்த நேரத்தில் ஓட்டுவதற்கு நான் ஒரு கணினி நிரல் எழுதிக் கொடுத்தேன். அது இரண்டு முறை தவறியது. இரண்டு முறையும் பயிர் கருகியது. என்ன நடந்தது, ஏன் நடந்தது, இப்போது எப்படி மாற்றி வைத்திருக்கிறேன் என்பதை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். ‘இத்தனை மணிக்கு இதை ஓட்டு’ என்று நிரல் எழுதுகிறவர்கள் யாராக இருந்தாலும் இதே இடங்களில்தான் இடறுகிறார்கள்.

முதலில் பனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிசம்பர் பிறந்து வானம் தெளிந்து காற்றும் அடங்கிவிட்டால், மேல்மலையில் விடியற்காலை உறைபனி விழும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். சித்தப்பாவின் கீழ்ப்படி வயல்கள் அந்தப் பள்ளத்தில்தான் இருக்கின்றன. பனி விழுந்த இலை, வெயில் பட்டதும் வேகவைத்த கீரை மாதிரி துவண்டு கறுத்துவிடும். அதைத் தடுக்க ஸ்பிரிங்ளரில் தண்ணீர் தெளிக்கிறோம். ஒரு லிட்டர் தண்ணீர் உறையும்போது சுமார் 80 கிலோ கலோரி வெப்பத்தை விடுகிறது. தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும் வரை இலை பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போகாது. பூஜ்யத்தை இலை தாங்கும், அதற்கும் கீழே போனால்தான் சேதம்.

இதில் இன்னொரு பக்கம் உண்டு. அதே ஒரு லிட்டர் ஆவியாகப் போனால் சுமார் 600 கிலோ கலோரியை இலையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். உறையும்போது கொடுப்பதைப் போல ஏழரை மடங்கு. ஆகவே தெளிப்பதைப் பாதியில் நிறுத்தினால், நனைந்த இலை நனையாத இலையைவிட மோசமாகக் குளிரும். தெளிக்க ஆரம்பித்தால் வெயில் வந்து பனி உருகும் வரை விடக்கூடாது. இந்த ஒரு விஷயம் இரண்டாவது சம்பவத்துக்கு முக்கியம்.

நான் போட்ட அமைப்பு எளிமையானது. மோட்டார் அறையில் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி, அதிலிருந்து ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), ரிலேயிலிருந்து மோட்டார் ஸ்டார்ட்டரில் உள்ள காண்டாக்டர் என்ற பெரிய சுவிட்சுக்கு ஒயர். பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு நிரல். மணி ‘03:00’ என்று வந்தால் மோட்டாரைப் போடு, ‘07:00’ என்று வந்தால் நிறுத்து, இடையில் 60 வினாடிக்கு ஒருமுறை விழித்துப் பார். இவ்வளவுதான். கோயம்புத்தூரில் என் மேசையில் இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. மலைக்குக் கொண்டுபோவதற்கு முந்தைய வாரம், குளிர் எவ்வளவு இருக்கிறது என்று குறித்துவைத்தால் நல்லதே என்று ஒரு டிஎஸ்18பி20 வெப்ப உணரியையும் சேர்த்தேன். மோட்டாருக்கும் அதற்கும் அப்போது எந்தத் தொடர்பும் இல்லை. வெறும் பதிவுக்காக.

டிசம்பர் நடுவில் ஒரு நாள் காலை ஆறே முக்காலுக்குச் சித்தப்பா போன் பண்ணினார்.

“ஏப்பா, மோட்டார் ஓடவே இல்லையேப்பா. தரையெல்லாம் வெள்ளையா கெடக்கு.”

“கரண்ட் இருக்கா சித்தப்பா?”

“இருக்கு. கையால போட்டா ஓடுது. நான் உன் மிஷினை நம்பிப் படுத்துட்டேன்.”

அக்டோபரில் ஊன்றிய உருளை, கிழங்கு பிடிக்கும் பருவம். கீழ்ப்படி இரண்டும் பத்து மணிக்குள் கறுத்துவிட்டன.

அன்று இரவே மலையேறி, நிரல் எழுதிவைக்கும் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். கரண்ட் போகவில்லை, நிரல் நிற்கவில்லை, பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு முறை விழித்ததற்கும் ஒரு வரி வரிசையாக இருந்தது. 02:58:58. அதற்கடுத்து 02:59:59. அதற்கடுத்து 03:01:00.

மூன்று மணி என்ற நிமிடத்தை நிரல் பார்க்கவே இல்லை.

காரணம் அந்த வெப்ப உணரி. டிஎஸ்18பி20 முழுத் துல்லியத்தில் ஒருமுறை அளந்து சொல்ல 750 மில்லி வினாடி எடுத்துக்கொள்ளும். மற்ற வேலையும் சேர்த்து 0.8 வினாடி. அதற்குப் பிறகு 60 வினாடித் தூக்கம். ஆக ஒரு சுற்று 60 வினாடி அல்ல, 60.8 வினாடி. ஒவ்வொரு சுற்றிலும் விழிக்கும் நேரம் 0.8 வினாடி பின்னால் நகர்கிறது. நகர்ந்து நகர்ந்து ஒரு கட்டத்தில் ஒரு நிமிடத்தின் கடைசி நொடியில் விழித்து, அடுத்த நிமிடத்தை முழுதாகத் தாண்டி, அதற்கும் அடுத்த நிமிடத்தில்தான் மறுபடி விழிக்கும். 60.8-ஐ 0.8-ஆல் வகுத்தால் 76. சராசரியாக 76 நிமிடங்களில் ஒன்று இப்படித் தாண்டப்படும். அந்த ஒன்று, மூன்று மணி நிமிடமாக இருந்தால் அன்றைக்கு மோட்டார் கிடையாது.

இதைப் பருவத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பனிக்காலம் 75 இரவு என்று வைத்துக்கொண்டால், அதில் ஒருமுறையாவது மூன்று மணி தவறுவதற்கு வாய்ப்பு நூற்றுக்கு 63. ஏழு மணிக்கு நிறுத்துவதற்கும் இதே ஆபத்து இருந்தது; தவறியிருந்தால் தொட்டி காலியாகும் வரை மோட்டார் ஓடியிருக்கும். மேசையில் இரண்டு வாரம் தவறாமல் ஓடியதற்குக் காரணமும் தெரிந்துவிட்டது. அப்போது உணரி இல்லை, ஒரு சுற்றுக்குச் சில மில்லி வினாடிதான் நகர்வு. நான் சோதித்த நிரலும் தோட்டத்தில் ஓடிய நிரலும் ஒன்றல்ல. அந்த ஒரு வரியைச் சேர்த்த பிறகு மறுபடி சோதித்திருக்க வேண்டும். சோதிக்கவில்லை. அது என் பிழை, சித்தப்பாவிடமும் அப்படியே சொன்னேன்.

‘மணி மூன்றா?’ என்று கேட்டதுதான் தவறு. கேட்க வேண்டியது ‘மணி மூன்றைத் தாண்டிவிட்டதா, இன்றைக்கு இன்னும் ஓட்டவில்லையா?’ என்று. முதல் கேள்விக்குச் சரியான பதில் ஒரே ஒரு நிமிடம்தான் உயிரோடு இருக்கும். இரண்டாவது கேள்வியை எப்போது கேட்டாலும் சரியான பதில் கிடைக்கும். கடைசியாக ஓட்டிய தேதியை ஒரு கோப்பில் எழுதிவைத்தால் போதும். கூடவே, 60 வினாடி தூங்கு என்று சொல்வதற்குப் பதில், அடுத்த நிமிடம் தொடங்க எத்தனை வினாடி இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கணக்கிட்டு அத்தனை வினாடி தூங்கச் சொன்னேன். அப்படிச் செய்தால் நகர்வு சேர்ந்துகொண்டே போகாது.

கிரான் (குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் கருவி) போட்டிருந்தால் இதெல்லாம் வந்திருக்காதே என்று உடன் வேலை பார்க்கும் நண்பர் கேட்டார். உண்மைதான். 1979-இல் வந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பிலேயே கிரான் இருந்தது. இந்த நகர்வுச் சிக்கலை அது எப்போதோ தீர்த்துவிட்டது. எளிய வேலைகளுக்கு நான் இப்போது கிரானைத்தான் சொல்வேன். ஆனால் எங்களுக்கு அடுத்து வந்த தொல்லை கிரானாலும் தீர்ந்திருக்காது.

உருளை கருகிய பிறகு சித்தப்பா ஒன்று சொன்னார். “பனி மூணு மணிக்குத்தான் விழும்னு யாருப்பா சொன்னா? சில நாள் ரெண்டுக்கே விழும். சில நாள் விழாமலே விடிஞ்சிரும்.” சரியான பேச்சு. அதனால் வெப்ப உணரியையே மோட்டாரோடு இணைத்தேன். நள்ளிரவு 12 மணிக்குப் பிறகு வெப்பம் 1.5 டிகிரிக்கு இறங்கினால் மோட்டார் ஓடும், தொடங்கியதிலிருந்து 4 மணி நேரம் ஓடி நிற்கும். ஒரு மாதம் நன்றாகவே ஓடியது. தேவையில்லாத இரவுகளில் தண்ணீரும் மிச்சம்.

ஜனவரியில் மறுபடி போன்.

“ஓடுச்சுப்பா. ஆனா நடுவுல நின்னுருச்சு. பட்டாணி பூரா கண்ணாடி மாதிரி நிக்குது.”

பூ விட்டிருந்த பட்டாணி. தண்ணீர் தெளித்துப் பாதியில் நிறுத்திய படிகளில் செடி மொத்தமாகப் போயிருந்தது. மேல்படியில் குழாய் எட்டாததால் தெளிக்காமல் விட்ட இரண்டு வரிசையில் பாதி பிழைத்திருந்தது. ஏழரை மடங்குக் கணக்கை அன்றைக்குக் கண்ணால் பார்த்தோம்.

இந்த முறை பதிவேட்டைப் படிக்கவே ஒரு நாள் ஆயிற்று. அதில் இருந்த நேரங்களே பொய். ஊரில் யார் வீட்டில் எத்தனை மணிக்குக் கரண்ட் வந்தது என்று கேட்டுத்தான் உண்மையான நேரத்தைத் தைத்து எடுத்தேன்.

இரவு 11:20-க்குக் கரண்ட் போனது. 1:25-க்கு வந்தது. ராஸ்பெர்ரி பை மறுபடி உயிர்பெற்றது. நாங்கள் வைத்திருந்த வகையில், அணைந்திருக்கும்போது நேரத்தை ஓட்டிக்கொண்டிருக்கும் கடிகாரம் கிடையாது. (ஐந்தாம் வகையில் கடிகாரம் உண்டு, அதற்கும் பேட்டரி தனியாக வாங்கி மாட்ட வேண்டும்.) மணிக்கொருமுறை நேரத்தை ஒரு கோப்பில் எழுதிவைத்துக்கொண்டு, எழுந்ததும் அந்த நேரத்திலிருந்து எண்ண ஆரம்பிக்கும். கடைசியாக எழுதியது 11:17. ஆகவே ஊருக்கு 1:25 ஆனபோது அதற்கு 11:17. இரண்டு மணி எட்டு நிமிடம் பின்தங்கல். இணையம் இருந்தால் என்டிபி (இணையத்திலிருந்து சரியான நேரத்தைப் பெறும் முறை) வழியாகச் சில நொடிகளில் சரிசெய்துகொள்ளும். ஆனால் மேல்மலையில் கரண்ட் போனால் டவரும் போகும். கரண்ட் வந்த பிறகும் சிக்னல் வர நேரமாகும். அன்றைக்கு 4:55 வரை வரவில்லை.

உண்மையில் 3:50-க்கு வெப்பம் 1.5 டிகிரிக்கு இறங்கியது. மோட்டார் ஓட ஆரம்பித்தது. நிரல் தன் கடிகாரத்தைப் பார்த்துத் ‘தொடக்கம் 1:42’ என்று குறித்துக்கொண்டது. அதுவரைக்கும் கெடுதல் ஒன்றுமில்லை, பயிர் நனைந்துகொண்டிருந்தது. 4:55-க்கு சிக்னல் வந்தது. கடிகாரம் 2:47-இலிருந்து ஒரே தாவாக 4:55-க்குப் போனது. நிரல் கணக்குப் போட்டது: இப்போது 4:55, தொடங்கியது 1:42, ஓடியது 3 மணி 13 நிமிடம், இன்னும் 47 நிமிடம்தான் பாக்கி. 5:42-க்கு மோட்டாரை நிறுத்திவிட்டது. உண்மையில் ஓடியது 1 மணி 52 நிமிடம். கடிகாரம் தாவிய இரண்டு மணி எட்டு நிமிடமும் மோட்டார் கணக்கில் ஏறிவிட்டது. அந்த வாரத்தில் சூரியன் எழுவதே 6:40 வாக்கில். அதற்கு ஒரு மணி நேரம் முன்பு, இரவிலேயே குளிர் கடுமையான வேளையில், ஈர இலைகளை அம்போவென்று விட்டாயிற்று.

இதைக் கண்டுபிடித்தபோது எனக்குக் கை நடுங்கியது. ஒவ்வொரு வரியும் தனித்தனியாகச் சரி. நேரத்தைத் திருத்தியதும் சரி. ‘இப்போதைய நேரம் கழித்தல் தொடங்கிய நேரம்’ என்ற கணக்கை எத்தனையோ நிரல்களில் நானே எழுதியிருக்கிறேன்.

‘மணி என்ன?’ என்பதும் ‘எவ்வளவு நேரம் ஆயிற்று?’ என்பதும் வேறு வேறு கேள்விகள். முதலாவதுக்குச் சுவர்க் கடிகாரம் வேண்டும், அதை யாரும் எப்போதும் திருத்தலாம். இரண்டாவதுக்கு முன்னால் மட்டுமே ஓடுகிற, யாரும் திருத்தாத ஓர் எண்ணி வேண்டும். பைத்தானில் 2012-இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து டைம் தொகுப்பில் மோனோடோனிக் என்ற பெயரில் அது இருக்கிறது. அதன் எண்ணுக்குத் தனியாகப் பொருள் இல்லை. இரண்டு எண்களைக் கழித்தால் வருகிற இடைவெளிதான் உண்மை. என்டிபி கடிகாரத்தை எங்கே தள்ளினாலும் இந்த எண்ணி அசையாது. ஒரு குறை: கணினி அணைந்து எழுந்தால் அது புதிதாக எண்ண ஆரம்பிக்கும். அதனால் பழைய எண்ணைக் கோப்பில் எழுதிவைத்துப் பயனில்லை. ‘மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது’ என்ற நிலையைத்தான் எழுதிவைக்க வேண்டும்.

கிரான் இங்கே என்ன செய்திருக்கும் என்றும் பார்த்தேன். டெபியன் வகை லினக்ஸ் இயங்குதளங்களில் வரும் கிரான், கடிகாரம் 3 மணி நேரத்துக்குக் குறைவாக முன்னால் தாவினால், இடையில் விட்டுப்போன குறித்த நேர வேலைகளை உடனே ஓட்டிவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் 3:00 மணி வேலையை அது 4:55-க்கு ஓட்டியிருக்கும், டவர் வராத இரவில், பின்தங்கிய கடிகாரத்தில் மூன்று மணி ஆகும் 5:08-க்கு. எங்கள் இலைக்கு அது காலம் கடந்த உதவி.

இப்போது இருக்கும் அமைப்பைச் சொல்கிறேன். டிஎஸ்3231 என்ற சிறிய கடிகாரப் பலகை ஒன்றை, பொத்தான் பேட்டரியோடு, ராஸ்பெர்ரி பையில் செருகியிருக்கிறேன். கரண்ட் இல்லாவிட்டாலும் அது ஓடும். ஆண்டுக்கு அதிகபட்சம் ஒரு நிமிடம் போலத்தான் பிசகும். கோப்பில் எழுதிவைத்த பழைய நேரத்தை எடுக்கும் ஏற்பாட்டைக் கழற்றிவிட்டேன். எழுந்ததும் இந்தப் பலகையிலிருந்து நேரம் கிடைக்கவில்லை என்றால், நிரல் மணியையே பார்க்காமல் வெப்பத்தை மட்டும் பார்த்து ஓடும். தவறான நேரத்தை நம்புவதைவிட நேரமே தெரியாது என்று நடந்துகொள்வது மேல் என்று நாங்கள் இருவரும் பேசி முடிவு செய்தோம்.

நிறுத்துவதையும் மாற்றினோம். முதலில் ஏழு மணி என்று வைத்ததே சரியில்லை. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டை அடிப்படையாகக் கொண்டது, கொடைக்கானல் 77.5 பாகையில் இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம், ஆக நம் சூரியன் கடிகாரத்துக்குச் சுமார் 20 நிமிடம் பின்னால். அதற்குமேல், மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 வாக்கில் வந்தாலும், சூரியன் மிகத் தாமதமாக எழுவது ஜனவரி கடைசியில்தான். டிசம்பர் நடுவிலிருந்து அதற்குள் சூரிய உதயம் ஏறக்குறைய கால் மணி நேரம் தள்ளிப்போகிறது. மலை மறைக்கும் கீழ்ப்படிக்கு இன்னும் தாமதம். எனவே இப்போது வெப்பம் 3 டிகிரியைத் தாண்டி அரைமணி நேரம் அங்கேயே நின்றால்தான் மோட்டார் நிற்கும். நான்கு மணி நேரக் கணக்கு, நிற்பதற்குக் குறைந்தபட்ச எல்லையாக மட்டும் இருக்கிறது, அதுவும் அந்த எண்ணியில்.

அப்புறம், தாமதம். ஒவ்வொரு வேலைக்கும் ‘எத்தனை மணிக்கு’ என்பதோடு ‘எவ்வளவு தாமதம் வரை செய்தால் பயன்’ என்பதையும் எழுதிவிடுகிறேன். காலை எட்டு மணிக்குச் சித்தப்பா போனுக்குப் போகும் இரவு அறிக்கை நண்பகலில் போனாலும் பரவாயில்லை, மூன்று நாள் விட்டுப்போனால் மூன்றுக்கும் சேர்த்து ஒன்று போதும். அதை லினக்ஸில் உள்ள சிஸ்டம்டி டைமர் என்ற நேரக் கருவியில் வைத்து, விட்டுப்போனதை எழுந்ததும் ஓட்டச் சொல்லியிருக்கிறேன். பனி எச்சரிக்கை அழைப்பு பத்து நிமிடம் தாமதமானாலும் வீண். பைத்தானில் பலரும் பயன்படுத்தும் ஏபிஷெட்யூலர் தொகுப்பின் மூன்றாம் வரிசைப் பதிப்புகளில் இப்படித் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் காலம், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், ஒரே ஒரு வினாடி. அதற்குமேல் தாமதமானால் அந்த முறை ஓட்டாமல் விட்டுவிடும். தெரியாமல் பயன்படுத்தினால் என் முதல் சம்பவம் வேறு உருவில் திரும்பி வரும்.

அந்த எச்சரிக்கை அழைப்பு வெளியூர்ச் சர்வர் ஒன்றிலிருந்து வருகிறது. முதல் நாள் சோதனைக்கு 3:00 என்று வைத்தேன், காலை 8:30-க்கு மணி அடித்தது. சர்வர் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருந்தது. நம் மூன்று மணி அதற்கு முந்தைய நாள் 21:30. கையால் கழித்து எழுதினால் தேதியும் கிழமையும் சேர்ந்து மாறும், அதனால் நேர மண்டலத்தை ‘ஆசியா/கொல்கத்தா’ (இந்திய நேரம்) என்று வேலையிலேயே குறிப்பிட்டேன்.

இந்த முறை மேசையில் சோதிக்கவில்லை. நவம்பரில் மோட்டார் அறையிலேயே சோதித்தோம். ஒரு டம்ளரில் ஐஸ் உடைத்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றி உணரியை அதில் இறக்கினேன். அளவு 0.1 காட்டியது. ரிலே ‘டக்’ என்று விழுந்து மோட்டார் ஓட ஆரம்பித்தது. மணி பகல் 11:10. சோதனைக்காக நள்ளிரவு நிபந்தனையை மட்டும் எடுத்துவிட்டிருந்தேன். சிக்னலை அணைத்துவிட்டுக் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் பின்னுக்குத் தள்ளினேன், பிறகு சிக்னலைத் திறந்தேன். நேரம் தாவியது, மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் பிளக்கைப் பிடுங்கி இரண்டு நிமிடம் விட்டுச் செருகினோம். எழுந்ததும் கோப்பைப் பார்த்து மோட்டாரைத் தானே மறுபடி போட்டது, நான்கு மணி நேரத்தையும் புதிதாக எண்ண ஆரம்பித்தது. சித்தப்பா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஸ்டார்ட்டர் பெட்டி மேல் சாக்குக்கட்டியால் 12:35 என்று எழுதினார். ஐஸ் கரையக் கரையப் புதிதாகப் போட்டுக்கொண்டிருந்தார். மூன்றரை மணி நேரம் போன பிறகு டம்ளரிலிருந்து உணரியை எடுத்து வெயிலில் வைத்தார், அளவு ஏறியது, மோட்டார் நிற்கவில்லை.

ரிலே விடுபட்டு மோட்டார் நின்றபோது அவர் கடிகாரத்தில் 4:35. பெட்டி மேல் அதையும் எழுதினார்.